வட்டப்பாறையில் கைவைத்துச் சொல்கிறேன்!

எங்கள் ஊரில் பொய் சொல்வது கொஞ்சம் கஷ்டம்.

ஊர், திருவாமாத்தூர். விழுப்புரத்திலிருந்து செஞ்சி ரோட்டைப் பிடித்தால் ஒரு பாட்டு முடிவதற்குள் வந்துவிடலாம். (கர்நாடக சங்கீதமாக இருந்தால் பாதிப் பாட்டிலேயே!) பம்பையாற்றங்கரை. சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் பாடிய ஸ்தலம். அபிராமேஸ்வரர் கோயில் ஒரு பக்கம், முத்தாம்பிகை அம்மன் கோயில் எதிர்ப்பக்கம், நடுவே ரோடு. ‘பாருங்க, சாமியும் அம்மனும் எப்படி ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கிட்டே இருக்காங்க. நீங்களும் இருக்கீங்களே, எப்பப் பார்த்தாலும் செல்போன்!’ என்று கணவரை இடிப்பதற்கு எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இதைவிட வசதி வேறெந்த ஊரிலும் கிடையாது.

அந்தக் கோயிலில்தான் வட்டப்பாறை இருக்கிறது. அங்கே நின்று பொய்ச் சத்தியம் செய்தவன் தப்ப முடியாது என்பது காலங்காலமான நம்பிக்கை. கடன் வாங்கிய தகராறு, வரப்புத் தகராறு எதுவானாலும், ‘வா, வட்டப்பாறைக்கு!’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பாதி கேஸ் தெருமுனையிலேயே ராஜியாகிவிடும்.

எனவே, வட்டப்பாறையில் கைவைத்தே சொல்கிறேன். நான் ஒரு கச்சேரிப் பைத்தியம். பாடத் தெரியாது. வீணை தெரியாது. நான் படித்தது பி.காம். விழுப்புரத்தில் நாலு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன், மிச்ச நேரத்தில் இப்படிப் பத்திரிகைக்கு எழுதுகிறேன். ஆனால் எங்காவது சுருதி சேர்க்கிற சத்தம் கேட்டால், அடுப்பில் பாலை வைத்தது மறந்துவிடும்.

கல்யாணத்துக்கு முன்னால் இந்தப் பைத்தியத்தால் யாருக்கும் தொந்தரவு இல்லை. இப்போது எட்டு வயதில் ஒரு பெண், நாலு வயதில் ஒரு பையன். அத்துடன் ஒரு கணவர். அவருக்கு சங்கீதத்தில் தெரிந்த ஒரே ராகம் நீலாம்பரி. வாய்ப்பாட்டு சரிவராது என்பதால் மூக்கால் வாசிப்பார்.

“தூங்கினீங்களா?”

“சேச்சே... கண்ணை மூடி ரசிச்சேன்.”

“வாங்க வட்டப்பாறைக்கு.”

“...லேசா அசந்துட்டேன்.”

* * *

இந்தப் பைத்தியம் எனக்கு அப்பா கொடுத்த சீதனம்.

அப்பா அரிசி மில்லில் வேலை பார்த்தார். மொத்தம் 31 வருஷம். மில்லுக்குள்ளே மிஷின் ஓட ஆரம்பித்தால் மனுஷப் பேச்சு எடுபடாது. எல்லாம் கை ஜாடைதான். தலைமயிரெல்லாம் தவிட்டோடு சாயங்காலம் வீட்டுக்கு வருவார். கிணற்றடியில் நாலு வாளி தண்ணீர். பிறகு சைக்கிள் பாரில் துண்டைச் சுற்றி, அதில் என்னை உட்கார வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கோயிலில் மேளம் என்றாலும் அங்கே அப்பாவும் நானும் ஆஜர். ‘பொட்டப் புள்ளைய இந்த ராத்திரில இழுத்துக்கிட்டுப் போறியே’ என்று ஆயா சத்தம் போடுவாள். அப்பா பெல் அடித்து அதை அமுக்கிவிடுவார்.

எங்களுக்கெல்லாம் கச்சேரி என்றாலே நாகஸ்வரம், தவில்தான். டிக்கெட் கிடையாது, நாற்காலி கிடையாது. மைக் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. வித்வானுக்கு ஆறடி தூரத்தில் என்னைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்பார் அப்பா. “இது ஆச்சா மரத்துல கடைஞ்சது. கும்பகோணம் பக்கம் நரசிங்கம்பேட்டைன்னு ஒரு ஊரு. அங்கதான் இதுக்குப் பேரு” என்பார். (அந்த ஊர் நாகஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது.) “தவில்காரர் வலது கையைப் பாரு. விரல்ல மாட்டியிருக்காரே, அதுக்குப் பேரு கூடு. வெறும் விரல்ல அடிச்சா தோலு உரிஞ்சிடும்” என்பார். “இப்ப மல்லாரி வாசிப்பாங்க. பாட்டுக்கு வார்த்தையே கிடையாது. இதைக் கேட்டாத்தான் சாமி கிளம்பும்” என்பார். சாமியும் கிளம்பும். அந்த வயதில், அப்பா சொல்லித்தான் சாமி கிளம்புகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வித்வான் வாசிப்பது தோடி என்று தெரிந்துவிட்டால் அப்பா கண்ணைத் துடைத்துக்கொள்வார். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை காலமானது 1956-ல். அப்பா பிறந்தது அதற்கு அடுத்த வருஷம். ஆனாலும், ‘அவரோட தோடி இருக்கே...’ என்று நேரில் கேட்டவர் மாதிரியே பேசுவார். எல்லாம் ரேடியோவில் கேட்டது!

மேளம் இல்லாத நாட்களில் தெருக்கூத்து. எங்கள் பக்கம் அதற்குத் தாய்வீடு. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படிக்க ஆரம்பித்தால் ராத்திரி பத்துக்குத் தொடங்கி விடியவிடியக் கூத்து நடக்கும். ஆர்மோனியம், மத்தளம், தாளம், அப்புறம் நாகஸ்வரத்தின் குட்டித் தம்பி மாதிரி முகவீணை. சின்னப் பிள்ளைகளுக்கு இதைவிட வசதியான சபா உலகத்திலேயே கிடையாது என்பேன். சாக்கை விரித்துத் தூங்கலாம். கட்டியங்காரன் வந்து ஜோக் அடிக்கும்போது எழுந்து சிரிக்கலாம். மறுபடி தூங்கலாம். திரைக்குப் பின்னாலிருந்து துரியோதனன் வரும்போது, பக்கத்தில் யார் வீட்டுப் பிள்ளை படுத்திருந்தாலும், ‘டேய், எழுந்திருடா, ராஜா வராரு’ என்று உலுக்கி எழுப்பிவிடுவார்கள் பெண்கள். அழுதால் அழலாம். முறுக்கு தின்னலாம். உஸ்ஸென்று அடக்க ஆளே கிடையாது.

அப்படி வளர்ந்தவள் நான். அந்த தைரியத்தில்தான் என் பெண்ணை முதன்முதலாக மார்கழி மாதம் மெட்ராஸ் சபாவுக்குக் கூட்டிப் போனேன்.

* * *

அப்போது அவளுக்கு ஐந்து வயது. காலை ரயிலில் விழுப்புரம் டு எழும்பூர். கையில் ஒரு பை. அதில் தண்ணீர் பாட்டில், ஸ்வெட்டர், மாற்றுத்துணி, பிஸ்கட், படம் வரைய நோட்டு, கலர் பென்சில். ராணுவம்கூட இவ்வளவு ஆயத்தமாகக் கிளம்பாது.

மார்கழி சீசன் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஒரு ரகசியம் சொல்லித் தருகிறேன். பெரிய பெயர்கள் எல்லாம் சாயங்காலம் பாடுவார்கள், அதற்குத்தான் டிக்கெட். மத்தியானம் இளம் வித்வான்கள் பாடும் கச்சேரிகளைப் பெரும்பாலான சபாக்களில் இலவசமாகவே கேட்கலாம். 1927 காங்கிரஸ் மாநாட்டோடு சேர்ந்து நடந்த இசை மாநாட்டில் விதை போட்டு, 1928-ல் மியூசிக் அகாடமி பிறந்தது. அங்கிருந்து கிளைவிட்ட சீசன் இது. சென்னைக்கு 2017-ல் யுனெஸ்கோவின் ‘இசை நகரம்’ என்ற பெயரும் கிடைத்தது. இவ்வளவு பெருமையையும் மத்தியானம் போனால் காசில்லாமல் கேட்டுவிட்டு வரலாம்!

காசில்லாமலா என்றேன்? பி.காம். படித்தவள் அப்படி எழுதக்கூடாது. அன்றைய கணக்கு இதோ: கச்சேரி டிக்கெட் ரூ.0. கேன்டீன் ரூ.410. ஆட்டோ போக வர ரூ.520. ரயில், பஸ், வழியில் அவள் பார்த்த பலூன், தொலைத்த ஒற்றைச் செருப்புக்குப் பதில் புதுச் செருப்பு எல்லாம் சேர்த்து, இலவசக் கச்சேரிக்கு ஆன செலவு ரூ.1,485. எங்கள் வீட்டு ஆடிட்டர் (மேற்படி நீலாம்பரிதான்) இன்று வரை அந்தக் கணக்குக்குக் கையெழுத்துப் போடவில்லை.

அரங்கத்துக்குள் போனோம். அறுபது வயதுக்குக் குறைந்தவர்கள் இரண்டே இடத்தில் இருந்தார்கள். மேடையில் வித்வான்கள், கீழே நாங்கள் இருவர். வாசலில் நின்றவர் என் பெண்ணை மேலும் கீழும் பார்த்து, “குழந்தை சத்தம் போடுமாம்மா?” என்றார். “போடாது சார்” என்றேன். நல்லவேளை, வட்டப்பாறை 160 கிலோமீட்டர் தள்ளி இருந்தது.

இன்று நாம் கேட்கிற கச்சேரியின் சமையல் குறிப்பு அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் எழுதியது என்பார்கள். முதலில் வர்ணம், அப்புறம் விறுவிறுவென்று சில கிருதிகள், நடுவில் ஒரு பெரிய உருப்படி, அதன் முடிவில் மிருதங்கத்துக்குத் தனி ஆவர்த்தனம், கடைசியில் துக்கடா. இந்த மெனுவில் ஒரு குறைதான். தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் ரசிகர்களுக்குப் பசிக்கும்!

அன்றும் பசித்தது. பாடகர் நிறுத்திவிட்டு மிருதங்கத்தைப் பார்த்துத் தலையசைத்த மறு விநாடி, முன் வரிசையிலிருந்து பின் வரிசை வரை நாற்காலிகள் மடங்கின. ‘டப், டப், டப்’. என் மகள் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு விளங்கவில்லை.

“அம்மா, அந்த மாமா இப்பத்தானே வாசிக்க ஆரம்பிச்சாரு? ஏன் எல்லாரும் எழுந்து போறாங்க? நல்லா வாசிக்கலையா?”

மெதுவாகக் கேட்டிருக்கலாம். கூத்து பார்த்து வளர்ந்த ஊர்க் குரல். மேடை வரைக்கும் போய்விட்டது.

நாலு தலை திரும்பியது. எனக்கு நாற்காலிக்கு அடியில் நுழைந்துகொள்ளலாமா என்றிருந்தது. ஆனால் மிருதங்கம் வாசித்த அந்த இளைஞர் சிரித்துவிட்டார். அதற்கப்புறம் என் பெண்ணைப் பார்த்தேதான் வாசித்தார். பக்கத்து நாற்காலியில் இருந்த ஒரு பாட்டி (கேன்டீனுக்குப் போகாத ஐந்தாறு பேரில் ஒருவர்) இவளைக் கிட்டே இழுத்து உட்கார வைத்து, “இப்படிப் போடு கண்ணு. ஒரு தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல். தட்டு, வீச்சு. தட்டு, வீச்சு. எட்டாச்சா? அதான் ஆதி தாளம்” என்று சொல்லிக் கொடுத்தார். கடைசித் தீர்மானம் மூன்று தடவை சுற்றி வந்து சரியாக விழுந்தபோது, அதிசயமாக, என் பெண்ணின் கையும் சரியான இடத்தில் தட்டியது. பாட்டிக்கு ஒரே பெருமை. “ஆரு வீட்டுக் குழந்தை நீ?” என்றார். “திருவாமாத்தூரு” என்றாள் இவள்.

அன்றிலிருந்து வீட்டில் தாளம்தான். சாப்பாட்டுத் தட்டு, தம்பி முதுகு, தாத்தா கை எதுவும் பாக்கியில்லை. ஆச்சரியமில்லை. அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய ஊர் இது. வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் (1839 - 1898) திருநெல்வேலியில் பிறந்து, கடைசியில் வந்து சேர்ந்ததும் சமாதியானதும் இங்கேதான். ஒரு லட்சம் பாட்டுக்குக் குறையாமல் பாடியவர் என்பார்கள், அத்தனையும் சந்தத்தில் துள்ளும். இந்த ஊர்த் தண்ணீரிலேயே தாளம் கொஞ்சம் கலந்திருக்கிறது!

திரும்பி வந்த கதையை மட்டும் கேட்காதீர்கள். சாயங்காலம் ஒரு கச்சேரியையும் சேர்த்துக் கேட்டுவிட்டுக் கிளம்பினால் ராத்திரி ஒன்பதரை. இப்போது தென்மாவட்ட பஸ்களெல்லாம் 2023 டிசம்பர் கடைசியில் திறந்த கிளாம்பாக்கத்திலிருந்து கிளம்புகின்றன. மயிலாப்பூரிலிருந்து அங்கே போய்ச் சேர்வதற்குள், குழந்தை தூங்கி எழுந்து, ‘ஊர் வந்துடுச்சா?’ என்று கேட்டு மறுபடி தூங்கிவிடும். என் சிபாரிசு, ரயில்தான். எழும்பூரிலிருந்து தெற்கே போகும் ராத்திரி வண்டிகள் பெரும்பாலும் விழுப்புரத்தில் நிற்கும். நள்ளிரவில் இறங்கி, தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோக்காரரிடம் பேரம் பேசுவதும் ஒரு ராகம்தான். முகாரி!

* * *

பெண்ணுக்கு சபா என்றால், பையனுக்கு சினிமாப் பாட்டு. திறந்தவெளி மைதானத்தில் மேடை போட்டு நடத்துகிறார்களே, அந்த மாதிரிப் பிரமாண்டக் கச்சேரி.

2023 செப்டம்பர் 10-ஆம் தேதி, சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் பனையூரில் ஏ.ஆர்.ரஹ்மானின் ‘மறக்குமா நெஞ்சம்’ நிகழ்ச்சி நடந்தது நினைவிருக்கும். தாங்க முடியாத கூட்டம். டிக்கெட் வைத்திருந்தவர்களே உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். நெரிசலில் பிள்ளைகளைத் தவறவிட்டுத் தவித்த பெற்றோர், பெண்கள் பட்ட அவஸ்தை என்று மறுநாள் பேப்பரெல்லாம் அதுதான். ரஹ்மான் வருத்தம் தெரிவித்தார். நான் அங்கே போகவில்லை. ‘நல்லவேளை’ என்று நினைத்துக்கொண்டு, அடுத்த வருஷம் வேறோர் ஊரில் வேறொரு மைதானத்துக்குப் போனேன். புத்தி வந்தால்தானே!

அங்கே நாலு நிமிஷம் என் பையன் காணாமல் போனான்.

பிடித்திருந்த பிடியில் மாற்றம் இல்லை என்றுதான் நினைத்தேன். எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டின் ஆரம்ப இசை வந்தது, கூட்டம் ஒரு அலை அடித்தது. கீழே பார்த்தால் என் கையில் அவன் தொப்பி மட்டும் இருந்தது. கத்தினேன். நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. அந்த ஸ்பீக்கர் சத்தத்தில் வாய் மட்டும் திறந்து மூடியிருக்கும். என் கணவர், தூங்குமூஞ்சி என்று நான் கேலி செய்கிற அதே மனிதர், நாற்காலிகள் மேல் தாவித் தாவி ஓடினார். கடைசியில் ஒரு தண்ணீர் பாட்டில் விற்கிற பெரியவர், பையனைத் தன் டிரம்மின் மேல் ஏற்றி நிறுத்தி, உயரே தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றார். “கீழ வெச்சிருந்தா உங்க கண்ணுக்குத் தெரியாதும்மா” என்றார். கூத்து பார்த்தவராக இருக்க வேண்டும். யார் வீட்டுப் பிள்ளையானாலும் எழுப்பி நிறுத்துகிற ஜாதி.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சட்டதிட்டங்கள் இவை. பிள்ளையின் மணிக்கட்டில் பேனாவால் போன் நம்பர். உள்ளே நுழைந்ததும் ‘தொலைஞ்சா இங்க வந்து நில்லு’ என்று ஓர் இடம் காட்டுவது. வெளியே போகும் வழிக்குப் பக்கத்தில் உட்காருவது. கடைசிப் பாட்டுக்கு முன்னால் கிளம்பிவிடுவது. அப்புறம், ஸ்பீக்கருக்கு எதிரே ஒருநாளும் நிற்காமல் இருப்பது.

இந்தக் கடைசிச் சட்டத்துக்கு மட்டும் கணக்கு உண்டு. மறுநாள் காலை வரை பையன் ‘காதுக்குள்ள கொசு கத்துதும்மா’ என்றான். பயந்துபோய்ப் படிக்க ஆரம்பித்தேன். சத்தத்தை அளப்பது டெசிபல் கணக்கு. தொழிற்சாலைகளுக்கு அமெரிக்காவின் தொழில் சுகாதார நிறுவனம் போட்ட கணக்குப்படி, 85 டெசிபல் சத்தத்தில் ஒருநாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதி. 88 என்றால் 4 மணி. 91 என்றால் 2 மணி. 94-க்கு ஒரு மணி. 97-க்கு அரை மணி. 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம்தான்! கூட்டு வட்டியைத் தலைகீழாக நிறுத்தினாற்போல. கச்சேரி அரங்குகளில் 15 நிமிஷ சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனமே 2022-ல் வரம்பு சொல்லியிருக்கிறது. அந்த 100-ம் பெரியவர்களுக்கே தாராளம். பிள்ளைகளுக்குக் காதை மூடுகிற ஹெட்போன் மாதிரி உறை கடையில் கிடைக்கிறது. வாங்கி மாட்டிவிட்டேன். பாட்டு தாராளமாகக் கேட்கிறது. கொசுதான் வருவதில்லை.

காதுக்குள்ளே சத்தத்தை வாங்குகிற நுண்ணிய மயிர்ச் செல்கள் பிறக்கும்போதே ஒரு காதுக்கு சுமார் 15,000 இருக்குமாம். அதுதான் மூலதனம். தேய்ந்தால் தேய்ந்ததுதான், மறுபடி முளைக்காது. மிக உயரமான சத்தங்களைக் கேட்கும் செல்கள்தான் பெரும்பாலும் முதலில் போகும். வருஷக்கணக்கில் இரைச்சலில் வேலை செய்பவர்களுக்கு...

இந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டேன்.

* * *

அப்பாவுக்குக் காது மந்தம் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வயசு என்று நினைத்தோம். டி.வி.யை அலற விடுவார். கூப்பிட்டால் திரும்ப மாட்டார். ‘கேக்காத மாதிரி நடிக்கிறாரு’ என்று அம்மா குறைப்பட்டுக்கொள்வாள். விழுப்புரத்தில் காது டாக்டரிடம் கூட்டிப் போனேன். டாக்டர் முதலில் கேட்டது, “என்ன வேலை பார்த்தீங்க?”

“அரிசி மில்லு சார்.”

“எத்தனை வருஷம்?”

“முப்பத்தோரு வருஷம்.”

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். காதில் ஏதாவது அடைத்துக்கொண்டு வேலை செய்ததுண்டா என்று கேட்டார். அப்பா சிரித்தார். “தலைக்குத் துண்டு கட்டுவோம் சார். தவிடு விழாம இருக்க.”

என்னை மேளக்கச்சேரிக்குக் கூட்டிப் போன காசு அந்த மில்லில் வந்தது. சைக்கிள் வாங்கியதும், என்னை பி.காம். படிக்க வைத்ததும் அதில்தான். காது போனதும் அதே மில்லில்தான். நாலு கடைக் கணக்கு எழுதுகிறவள் நான். வரவும் செலவும் இப்படி ஒரே பக்கத்தில் விழுந்த பேரேட்டை நான் பார்த்ததே இல்லை.

காதுக் கருவி வாங்கினோம். போன மார்கழியில் அப்பாவையும் மெட்ராஸுக்குக் கூட்டிப் போனேன். வாழ்க்கையில் முதல் சபா. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, விபூதி. உட்கார்ந்து பத்து நிமிஷம் ஆகியிருக்கும். பாடகி கீழ் ஸ்தாயியில் மெதுவாக ராகத்தை ஆரம்பிக்கிறார். அரங்கமே நிசப்தம். அப்போது, ‘கீ...ஈ...ஈ...’ என்று ஒரு சத்தம். முன் வரிசைக்காரர் திரும்பினார். அதற்கு முன் வரிசைக்காரர் திரும்பினார். அப்பாவுக்கு மட்டும் கேட்கவில்லை. கருவி சரியாகப் பொருந்தாவிட்டால் அப்படித்தான் கத்துமாம்.

“அம்மா, தாத்தா காது சுருதி சேர்க்குது!” என்றாள் பெண்.

முன் வரிசைக்காரரே சிரித்துவிட்டார். அப்பா கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதன் பிறகு இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பேச்சுக்கென்று செய்த கருவியில் பாட்டு கரகரவென்றுதான் கேட்கும், பாட்டுக்கென்று தனியாகச் சரிசெய்து தரச் சொல்லிக் கேட்க வேண்டும் என்பது பிற்பாடு தெரிந்தது. (உங்கள் வீட்டுப் பெரியவருக்கு வாங்குவதானால் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.) அன்றைக்கு அவர் என்ன கேட்டார் என்று எனக்குத் தெரியாது. கச்சேரி முழுக்க என் பெண் அவருடைய உள்ளங்கையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல். தனி ஆவர்த்தனத்தின்போது எல்லோரும் எழுந்து போனார்கள். அப்பாவும் பேத்தியும் போகவில்லை.

கண் இல்லாதவர் ஒருவரும் கால் இல்லாதவர் ஒருவருமாக இரட்டைப் புலவர்கள் சேர்ந்து அலைந்து எங்கள் ஊருக்குக் கலம்பகம் பாடியிருக்கிறார்கள். எங்கள் வீட்டிலும் இப்போது ஒரு ஜோடி தயார்.

* * *

போன திருவிழாவுக்கு எங்கள் கோயிலில் நல்ல மேளம் வைத்திருந்தார்கள். குடும்பத்தோடு போனோம். பையன் அவன் அப்பா தோளில். காதில் உறை. (தவில் பக்கத்தில் நின்றால் அதுவும் சும்மா விடாது.) நீலாம்பரி அன்றைக்கு முழித்துக்கொண்டிருந்தார். அந்தத் தவிலுக்கு யாரும் தூங்க முடியாது.

அப்பா கருவியைக் கழற்றிப் பையில் வைத்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் வித்வானுக்கு ஆறடி தூரத்தில் நின்றார். அதே ஆறடி. நாகஸ்வரத்தில் ஏழு துளைகளில் விரல் ஓடும். அப்பா கண் அந்த விரல்களை விட்டு நகரவில்லை. சரியான இடத்தில் தலையை ஆட்டினார். ஓரிடத்தில் ‘ஆகா’ என்றார். வித்வான் அவரைப் பார்த்து அந்தப் பிடியை இன்னொரு தரம் வாசித்தார். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“தாத்தாவுக்குக் கேக்குதாம்மா?” என்றாள் பெண், என் காதில்.

சாமி புறப்பட்டுப் போன பிறகு மண்டபத்தில் உட்கார்ந்தோம். அப்பா முகத்தில் ஒரு தெளிவு. கிட்டே போய், உரக்கக் கேட்டேன்.

“நல்லா கேட்டுச்சாப்பா?”

“கேக்காம என்னம்மா? அட்சரம் அட்சரமா கேட்டுச்சு!”

“என்ன ராகம்?”

அப்பா ஒரு விநாடி என்னையே பார்த்தார். பிறகு கேட்டார்: “உனக்கு என்னான்னு தோணுச்சு, சொல்லு?”

“தோடிப்பா.”

“அதான். தோடிதான்” என்றார்.

என் பெண் அவரையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். எங்கள் வீட்டில் வளர்கிற பிள்ளை. அடுத்து என்ன சொல்ல வேண்டுமென்று அவளுக்குத் தெரியும்.

“தாத்தா, வா, வட்டப்...”

சட்டென்று அவள் வாயைப் பொத்திவிட்டேன்.